மெதுவா சாரும் மூன்றாவது மாடியும்

டொக். சற்று இடைவெளி. மறுபடி ஒரு டொக்.

சேலையூரில் குழந்தைகள் டாக்டரின் கிளினிக். எங்கள் டோக்கன் பதினேழு, உள்ளே போயிருந்தது ஒன்பது. எதிர் நாற்காலியில் காய்ச்சல் முகத்தோடு ஒரு சிறுமி, கையில் புத்தகம் மாதிரி மூடித் திறக்கும் விளையாட்டுக் கருவி. "சவுண்டைக் குறைடி, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள். சிறுமி குறைக்கவில்லை. நான் இருந்த இடத்திலிருந்து திரை தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கல் செருப்பு தரையில் படும் சத்தம் அது. ஆறேழு மாதம், நாளுக்கு எட்டு மணி நேரம், நீயும் நானும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட சத்தம்.

என் மடியிலிருந்த மகன் ஒவ்வொரு டொக்குக்கும் தலையைத் திருப்பினான். அவனுக்குப் பத்தொன்பது மாதம் ஆகிறது. இன்னும் நடக்கவில்லை. அதைக் காட்டத்தான் போயிருந்தோம்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இதை அதற்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும். நீ இருந்திருந்தால், "டெட்லைன் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு மேடம்?" என்று கேட்டிருப்பாய். அவன் மதியம் தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில், நாலைந்து நாளாக, துண்டு துண்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் எழுந்து போய் அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டு வருகிறேன். விடுகிறான். மறுபடி எழுதுகிறேன்.

நம் வேலையை இப்போது யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் சிரமமாக இருக்கிறது. நாவலூரில் மூன்றாவது மாடி. வெளிநாட்டில் செய்த விளையாட்டுகளைக் கடைக்கு அனுப்புவதற்கு முன் நாம் ஆடிப் பார்த்து, எங்கே இடறுகிறது, எங்கே உறைந்துபோகிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். பிழைக்கு நம் மொழியில் பக். கேட்டவர்களுக்கெல்லாம் சாஃப்ட்வேர் என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தோம், ஏனென்றால் உண்மையை யாரும் நம்பவில்லை. "வீடியோ கேம் ஆடறதுக்கா பி.இ. படிச்சே?" என்றார் என் மாமா. உன் அத்தா அதைவிட நேராகக் கேட்டாராம்: "ஆடறதுக்குச் சம்பளம் குடுக்கறான்னா, அவன் என்ன லூசா?"

லூசோ இல்லையோ, அந்த வேலைக்கு உன் அத்தா ஒரு வருடம்தான் கெடு கொடுத்திருந்தார். ஒரு வருடம் முழுதாக நின்று காட்டினால் அதற்குப் பிறகு எல்லாம் உன் இஷ்டம். மேலே படிக்கலாம், வேலையைத் தொடரலாம், எப்போது எது என்று நீயே சொல்லலாம். நடுவில் நின்றுபோனால் வீட்டோடு இருந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அப்பாக்கள் வழக்கமாகப் போடுகிற கெடு என்றுதான் நான் நினைத்தேன். ஒவ்வொரு மாதம் முடிந்ததும் என் பர்ஸிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு வாங்கி உன் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டுவாய். "நான் வைக்க மாட்டேன். இது வைக்கட்டும்" என்பாய். பன்னிரண்டு பொட்டு ஆனதும் எனக்குப் பிரியாணி என்று பேச்சு.

நாலாவது பொட்டு ஒட்டிய வாரம்தான் அந்த விளையாட்டு வந்தது.

அதன் மூல விளையாட்டை நான் ஏற்கெனவே பரிசோதித்திருந்தேன். அதில் நாயகன் காற்று மாதிரி. மதில்மேல் ஓடுவான், ஓடுகிற ரயிலின் மேல் ஓடுவான். நிற்க வைப்பதுதான் கஷ்டம். அவனையே எடுத்து, கையடக்கக் கருவிக்கென்று ஒரு கிளைக்கதை செய்திருந்தார்கள். அதில் சூனியக்காரி ஒருத்தி அவன் காலில் கல் செருப்பை மாட்டிவிடுகிறாள். ஒரு கட்டம் நகர ஒரு நொடி. அறை அறையாகப் பூட்டிக் கிடக்கும் கோட்டை. பெட்டிகளைத் தள்ளி, மதகுகளைத் திறந்து, துரத்தி வருகிறவர்களை ஒற்றை அடியில் சமாளித்து வெளியே வர வேண்டும்.

நான் கதையைப் படிக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பார்த்தேன், எழுதிவிட்டேன். தலைப்பு: நாயகன் மெதுவாக நடக்கிறான். செய்த படிகள்: ஒன்று, விளையாட்டைத் தொடங்கவும், இரண்டு, வலப்பக்கப் பொத்தானை அழுத்தவும். எதிர்பார்த்தது: ஓட வேண்டும். நடந்தது: ஓடவில்லை. கடுமை: மிக அதிகம்.

மறுநாள் காலை ஒரே வரியில் பதில் வந்திருந்தது, வடிவமைத்தபடியே உள்ளது என்று. நீ எழுந்து நின்று வரிசைக்கே கேட்கும்படி அதை மொழிபெயர்த்தாய்.

"அது அப்படித்தான், போம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"ஓடறவன்தானேடி அவன்?" என்றேன்.

"ஓடினான். இப்ப நடக்கறான். காலு ரெண்டுலயும் கல்லைக் கட்டிவிட்டுட்டு, ஓடலைன்னு கம்ப்ளெயின்ட்டும் குடுக்கறே. சரி, 'எதிர்பார்த்தது'ன்னு போட்டிருக்கியே, யாரு எதிர்பார்த்தது?"

"யாருன்னா? பொதுவா."

"பொதுவா எல்லாம் இல்ல. நீதான். அப்ப அந்தக் கட்டத்துல உன் பேரை எழுது."

அன்று முதல் அவனுக்கு மெதுவா சார் என்று பெயர். நீ வைத்ததுதான். கோட்டைக் கதவில் அவன் வந்து நிற்கும்போதெல்லாம் "மெதுவா சார் வந்துட்டாரு, எல்லாரும் எந்திரிங்க" என்பாய்.

என் கட்டைவிரல் வேகமானது. அந்த விளையாட்டில் அது ஒரு குறை. பொத்தானை அவசரப்பட்டு இரண்டு முறை அழுத்தினால் மெதுவா சார் தடுமாறி விழுவார், எழுந்திருக்க மூன்று நொடி ஆகும். நான் விழவைத்துக்கொண்டே இருந்தேன். நீ ஒவ்வொரு அறையிலும் முதலில் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருப்பாய். எத்தனை கட்டம், எங்கே நிற்கலாம், எங்கே நின்றால் யாருக்கும் தெரியாது என்று உதட்டுக்குள் எண்ணுவாய். பிறகு ஒரே மூச்சில் போய்ச் சேர்வாய். அதை விளையாட்டுத் திறமை என்று நினைத்து நான் பொறாமைப்பட்டேன்.

அது திறமை இல்லை, பழக்கம் என்று வேனில்தான் முதலில் சந்தேகம் வந்தது. தாம்பரத்தில் நான் ஏறுவேன், மேடவாக்கம் கூட்ரோட்டில் நீ. கோவிலம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து எதிர்ப்பக்கம் இறங்கி, சாலையைக் கடந்து வர வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்தத் தோண்டிப் போட்டிருந்த வருடம் அது. இரண்டு நிமிடம் தாமதமானால் சோழிங்கநல்லூரில் இருபது நிமிடம் நிற்க வேண்டிவரும். டிரைவர் அண்ணா ஹாரனை அழுத்திப் பிடித்திருப்பார். நீ ஓடி வரமாட்டாய். கையைக்கூட ஆட்டமாட்டாய்.

"இன்னா மேடம், கல்யாண ஊர்கோலமா? பொண்ணு மாதிரி நடந்துகினு வர்றே. அங்க டிராபிக்கு பேஜாரா கீது."

"நான் ஓடி வந்தா நீங்க வண்டியை மெதுவா ஓட்டுவீங்களாண்ணா?"

"அது எப்டி?"

"அப்ப ரெண்டுல ஒருத்தராவது மெதுவாப் போவோம்."

வேனில் எல்லோரும் சிரிப்பார்கள், டிரைவர் அண்ணாவும். உட்கார்ந்த பிறகு ஐந்து நிமிடம் நீ பேசமாட்டாய், சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். ஜோக் அடித்துவிட்டு ஏன் உம்மென்று ஆகிறாள் என்று யோசித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய் என்று தெரியாது.

அலுவலகத்தில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. உன் மூன்று மாடிக்கு ஒரு கால அட்டவணை இருந்தது. முதல் மாடியில் போன் வரும். காதில் வைத்து "ம்… ம்…" என்பாய், மறுமுனையில் யாரும் இல்லை. இரண்டாவது மாடியில் துப்பட்டாவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மூன்றாவது மாடிக் கதவுக்கு வெளியே ஷூ கயிறு. நீ போட்டிருந்ததோ கயிறில்லாத செருப்பு. பிழை கண்டுபிடிப்பதுதானே என் வேலை. கவனித்துவிட்டேன். ஒரு நாள் கேட்டேன்.

நீ மறைக்கவில்லை. காண்டீனில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோலச் சொன்னாய். பத்து வயதில் மூட்டு வலியும் காய்ச்சலும் வந்தது, அது போகும்போது இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி. "அதான் சில நாள் நொண்டிட்டு வருவேன்ல? சுளுக்குன்னு சொல்வேனே, அது சுளுக்கு இல்ல, பென்சிலின்." ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, எப்போது என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அத்தா உடனே செய்துவிட்டு வீட்டோடு வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். நீதான் ஒரு வருடம் கேட்டு வாங்கியிருந்தாய்.

"எதுக்குடி ஒரு வருஷம்? மொதல்ல பண்ணிக்கயேன்" என்றேன்.

"பண்ணிக்கிட்டா அதுக்கப்புறம் நான் பேஷன்ட்டு. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் எம்ப்ளாயி." தயிர்சாதத்தை ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இதை எங்கயும் ரிப்போர்ட் பண்ணிடாத, தாயே" என்றாய்.

சரி என்று தலையாட்டினேன். ஏழாவது பொட்டு ஒட்டியிருந்த மாதம்.

நமக்கு டீம் லீட் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் உனக்கு நினைவிருக்கும். பார்த்தால் எழுது. சின்னதோ பெரியதோ, கண்ணில் பட்டதை எழுதாமல் விடாதே. அது பிழையா இல்லையா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "எழுதாம விட்டது நாளைக்கு வெடிச்சா, பார்த்தவங்கதான் பொறுப்பு" என்பார். நல்ல மனிதர். அந்தப் பாடம் எனக்குள் நன்றாக இறங்கிவிட்டது, தேவைக்கு அதிகமாகவே.

கடைசி வாரங்களில் முப்பத்தெட்டாவது அறைதான் பிரச்சினை. தண்ணீர் ஏறும் அறை. மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு, தண்ணீர் கதவை மூடுவதற்குள் மெதுவா சாரைக் கரையேற்ற வேண்டும். நான் நாற்பது தடவை முயன்று, "முடிக்க முடியாத அறை" என்று எழுதினேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "முடியும்டி. நம்மளுக்குத் தெரியல, அவ்ளோதான்" என்றாய். அதற்காகவே இருவரும் ஒரு சனிக்கிழமை வேலைக்கு வந்தோம். லிஃப்ட் ஓடவில்லை. கீழே செக்யூரிட்டியிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறந்துவிட்டாய் என்று போன் வந்தது, இறங்கிப் போனாய்.

கால் மணி நேரம் ஆயிற்று. தேடி வந்தேன். இரண்டாவது மாடி வளைவில் படியில் உட்கார்ந்திருந்தாய். முகம் சிமென்ட் நிறம், உதட்டில் நீலம். கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் உயிரோடு இருந்தது.

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினாய். இரண்டு விரலைக் காட்டினாய். இரண்டு நிமிடம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு நிமிடம் ஆயிற்று. பிறகு, "யார்கிட்டயும் சொல்லாத. இன்னும் ரெண்டு பொட்டுதான்" என்றாய். அப்போதும் தலையாட்டினேன்.

ஞாயிறு முழுதும் லீட் சொன்னதே காதில் ஓடியது. எழுதாமல் விட்டது நாளை வெடித்தால். திங்கள் காலை லீடிடம் போய் நின்றேன். "எதுவா இருந்தாலும் மெயில்ல போடும்மா, மீட்டிங்குக்குப் போறேன்" என்றார். உட்கார்ந்து எழுதினேன். ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டேன். கை அதன் பழக்கத்தில் போயிற்று. இன்றைக்கும் அது எனக்கு வரி வரியாகத் தெரியும். தலைப்பு: உன் பெயர், உடல்நிலை. செய்த படிகள்: மூன்று மாடி ஏறினால். எதிர்பார்த்தது: சாதாரணமாக ஏற வேண்டும். நடந்தது: இரண்டாவது மாடியில் மூச்சுத் திணறல், உதடு நீலம், ஆறு நிமிடம்.

லீட் கெட்டதாக ஒன்றும் செய்யவில்லை. கீழ்த்தளத்தில் உனக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று என் மெயிலோடு சேர்த்து மனிதவளப் பிரிவுக்குக் கேட்டு அனுப்பினார். அங்கிருந்தவளும் கெட்டதாக ஒன்றும் செய்யவில்லை. விதிப்படி உன்னிடம் டாக்டர் சான்றிதழ் கேட்டாள். அதைக் கேட்டு உனக்கு அனுப்பிய மெயிலின் அடியில் பழைய மெயில்களை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தாள். எல்லா அலுவலகத்திலும் எல்லோரும் செய்வது. நீ திரையைக் கீழே கீழே நகர்த்திக்கொண்டே போனதை அடுத்த நாற்காலியிலிருந்து பார்த்தேன். எங்கே நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றாய்.

கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். டீ மெஷின் பக்கம் வா என்று கண்ணைக் காட்டினாய்.

"ஃபார்மேட்டெல்லாம் கரெக்டா இருக்கு" என்றாய்.

"எனக்குப் பயமா இருந்துச்சுடி."

"சரி. உனக்குப் பயமா இருந்துச்சு. அது உன் பக். என் பேர்ல ஏன் போட்டே?"

மெஷினிலிருந்து டீ வந்து, கப் நிரம்பி, நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல? 'எழுதப் போறேன், எழுதட்டுமா'ன்னு."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா. சொல்லியிருப்பேன்." மெஷினைப் பார்த்தபடியே, "அதுக்குத்தானே கேக்கறது" என்றாய்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. உன் மருத்துவமனையில் ஆபரேஷனை இனித் தள்ளக்கூடாது என்று உன் அத்தாவைக் கூப்பிட்டே சொல்லிவிட்டார்கள். பத்துப் பொட்டோடு உன் வருடம் முடிந்தது. கடைசி நாள் மானிட்டரைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாய். பொட்டு ஒட்டியிருந்த இடத்தில் பிசின் மட்டும் இருந்தது. வேனில் கூட்ரோடு வரை பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாய். ஊர்க்கதை பேசினாய். இறங்கும்போது டிரைவர் அண்ணா, "நாளிக்கு சீக்கிரம் வா மேடம்" என்றார். "சரிண்ணா" என்றாய்.

அதற்குப் பிறகு நம் பேச்சு பண்டிகைக்கு அனுப்பும் குறுஞ்செய்தி அளவுக்குச் சுருங்கியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஒரு செய்தி. எனக்குக் கல்யாணம் என்று ஒரு செய்தி. நீ வரவில்லை, வெயிலில் அலையக் கூடாதாம். பிறகு ஒரு நாள் மத்தியானம் நீயே கூப்பிட்டாய். முகமனெல்லாம் இல்லை.

"முப்பத்தெட்டு முடிஞ்சுது."

"எது?"

"ரூம் முப்பத்தெட்டுடி. முடிக்க முடியாதுன்னு எழுதினியே."

விளையாட்டு வெளியாகிவிட்டதாம். துபாயிலிருந்து உன் மாமா மகள் வாங்கி அனுப்பியிருக்கிறாள். படுக்கையில் கிடந்த மூன்று வாரத்தில் முதலறையிலிருந்து ஆடி வந்திருக்கிறாய்.

"நாம மூணு பெட்டியையும் காப்பாத்தப் பாத்தோம்ல? அதான் தப்பு. மொதப் பெட்டி மூழ்கட்டும்னு விட்டுடணும். அது அடியில போய் மதகை அடைச்சுக்குது. தண்ணி பாதியோட நின்னுடுது. அப்புறம் மெதுவா சார் சும்மா வாக்கிங் போற மாதிரி போறாரு."

"சூப்பர்டி" என்றேன்.

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடம் எனக்காக விடப்பட்டது என்று அப்போதே தெரியும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். நான், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன்" என்றாய். "நீ?"

ஆபரேஷன் முடிந்து எட்டாவது மாதம், ரத்தம் எங்கோ உறைந்து மூளைக்குப் போயிற்று என்று உன் மாமா மகளிடமிருந்து செய்தி வந்தது. எனக்கு ஆறு மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்றார் மாமியார். எதிர்த்துப் பேசவில்லை. தடை சொல்ல ஒருவர் இருந்தது வசதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆன பிறகுதான் கோவிலம்பாக்கம் போனேன். உன் அம்மா குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். டீ கொடுத்தார். நீ ஆபீஸ் போன அந்தப் பத்து மாதத்தில்தான் வீட்டில் சத்தமாகப் பேசுவாய் என்றார். பிறகு, "உன்னைப் பத்திச் சொல்லியிருக்கா" என்றார். டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நல்லா கவனிக்கிற பொண்ணும்மா அவ, எதையும் விடமாட்டான்னு சொல்வா."

எந்தக் குரலில் சொன்னாய் என்று அவரிடம் கேட்க முடியாது. சிரித்துக்கொண்டா, முகத்தைத் திருப்பிக்கொண்டா. அதைக் கேட்டால் முழுதும் சொல்ல வேண்டும். "ஆமாம்மா" என்றேன். இன்றுவரை அந்த வாக்கியத்தை இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டும் பொருந்துகிறது.

என் கணவரிடம் ஒரு முறை எல்லாவற்றையும் சொன்னேன். "நீ எழுதினதாலதான் ஆபரேஷன் சீக்கிரம் நடந்தது. இல்லன்னா அந்தப் படியிலயே போயிருப்பாங்க. நீ பண்ணது சரிதான்" என்றார். இருக்கலாம். நான் எழுதாமல் இருந்திருந்தால் நீ பன்னிரண்டு பொட்டும் ஒட்டியிருக்கலாம். அல்லது பதினோராவதற்கு முன்பே விழுந்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் நீ என்னிடம் கேட்டது அதை அல்ல. எழுதியது சரியா தப்பா என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்காமல் எழுதினாய் என்றுதான் கேட்டாய். அதற்குப் பதில் என் பயம்தான். என் பயத்தை நான் தாங்க முடியாமல், அதை உன் தலையில் இறக்கிவைத்தேன். மன்னித்துக்கொள். அந்த அரை நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

பயம் குறைந்துவிடவில்லை. இப்போது அதற்கு ஒரு நோட்டு இருக்கிறது. அவன் எப்போது குப்புற விழுந்தான், எப்போது தவழ்ந்தான், சோபாவைப் பிடித்து எத்தனை நொடி நின்றான், எந்தக் காலை முதலில் வைக்கப் பார்க்கிறான், எல்லாம் தேதி போட்டு எழுதிவைக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தை பதினோரு மாதத்தில் நடந்தது. அதையும் எழுதிவைத்திருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. டாக்டர் அவன் இடுப்பையும் முட்டியையும் மடக்கிப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சட்டென்று வியர்த்தது. எலும்பில் ஒன்றுமில்லை, இரண்டு மாதம் பார்ப்போம், நடக்கவில்லையென்றால் வேறு ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றார். இரண்டு மாதம் முடிய இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் அவனைத் தூக்குகிறார்கள். நடக்காத பிள்ளை என்பதால் யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், அவன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், பின்னாலிருந்து வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடலாம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். எப்போது நிறுத்தினேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. உன் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு என்றுதான் நினைக்கிறேன். இப்போது முன்னால் போய்க் குனிந்து, கையை நீட்டி, "தூக்கட்டுமா?" என்று கேட்கிறேன். மாமியார் சிரிக்கிறார். "பேசாத பிள்ளைகிட்ட என்னடி பர்மிஷன்?" என்கிறார்.

பேசத் தெரியாது, பதில் சொல்லத் தெரியும். என் கையைப் பார்ப்பான். தன் கையிலிருக்கும் கிண்ணத்தைப் பார்ப்பான். யோசிப்பான். சில சமயம் இரண்டு கையையும் உயர்த்துவான், தூக்கிக்கொள்கிறேன். சில சமயம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிண்ணத்தைத் தரையில் தட்ட ஆரம்பித்துவிடுவான். அப்போது கையை மடக்கிக்கொண்டு நிமிர்கிறேன்.